மக்காச்சோளக் குருத்தில் புழு

தங்கச்சிக்கு,

நாங்கள் நலம். மக்காச்சோளமும் நலம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

போன மாதம் குருத்தெல்லாம் புழு. "ஆபீஸ்ல உக்காந்து போன் பாக்குறவளுக்குப் பயிரப் பத்தி என்ன தெரியும்?" என்று கூட்டத்தில் எல்லார் முன்னாலும் உன்னைக் கேட்டவன் நான்; நீ நடத்தும் விவசாயிகள் சங்கத்தின் போன் குழுவில் எந்த முகத்தோடு சேர்வது? பக்கத்து வயல்காரிதான் என் பயிரைப் படமெடுத்துக் குழுவில் போட்டாள். அரை மணியில் நீ பதில் சொன்னாயாம்.

மறுநாள் காலை சங்கத்தின் மருந்து தெளிப்பானோடு ஏழு பேர் வரப்பில் நின்றார்கள்.

"நான் உறுப்பினர் இல்லையே?" என்றேன்.

"புழு உறுப்பினர் அட்டை கேக்காதுன்னு மேடம் சொன்னாங்க. இங்க விட்டா நாளைக்கு எங்க வயலுக்கு வரும்," என்றாள் பக்கத்து வயல்காரி.

நீ சொன்ன அளவில், குருத்துக்குள் மட்டும் தெளித்தார்கள். நானாக இருந்தால் இரண்டு மடங்கு ஊற்றியிருப்பேன். பத்தாம் நாள் புது இலை ஓட்டையில்லாமல் விரிந்தது.

இத்தனை வருஷம் என் வயலை மட்டுமே பார்த்தேன். சங்கத்தின் நாற்பது பேர் வயலையும் ஒரே வயலாகப் பார்க்க உனக்குத்தான் தோன்றியிருக்கிறது.

இன்று நானும் குழுவில் சேர்ந்துவிட்டேன். ஒருவர் கத்தரி இலையைப் படமெடுத்துப் போட்டிருந்தார். நீ பார்ப்பதற்குள் நானே பதில் எழுதினேன்: "அவசரப்பட்டு மருந்து வாங்காதீங்க. என் தங்கச்சி வந்து சொல்லட்டும்."

உன் அண்ணன்