பச்சைக்கு வேண்டிய பால்

கொல்லம் 1107 மாசி 4, செவ்வாய்

காலையில் பனி. ஒன்பது மணிக்கே வெயில் சுள்ளென்று. புது நெல் அவிக்க வேண்டும். புளி உடைக்க வேண்டும். அப்பாவுக்குக் கடிதம்.

நேற்று மத்தியானம் கொழுந்தன் பெண்டாட்டி செல்லம்மை பிள்ளையை என் வீட்டுக்காரர் மடியில் கொண்டு வைத்தாள். (முழுப்பெயர் எழுதக் கை வரவில்லை. இனி செ. போதும்.) அவர் அவள் கையைப் பார்த்து, "இந்தத் தேரு யாரு குத்துனது?" என்றார். நாலு வார்த்தை. கல்யாணமாகி ஏழு வருஷத்தில் என் கையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. புது வளையல் போட்டபோதுகூட.

செ.க்கு முழங்கைக்குக் கீழே பச்சையில் தேர், அதற்கும் கீழே தேள். எனக்கு ஒன்றுமில்லை. நான் நாலாம் ஃபாரம் வரை படித்தவள். அப்பா வாத்தியார். "படிக்கிற பிள்ளைக்குப் பச்சை எதுக்கு?" என்று குத்த வந்தவளைத் துரத்திவிட்டார். கை இன்றைக்கும் உரித்த பனங்கிழங்குபோல.

மாசி 5, புதன்

பச்சை குத்துகிறவள் வடசேரிச் சந்தைக்கு வந்திருக்கிறாளாம். நாளை நம் தெருவுக்கு. மாமியாரிடம் கேட்டேன். "இப்பமாவது தோணிச்சே. குத்திக்கிடுட்டி" என்றார். அதோடு விட்டிருக்கலாம். "செல்லம்மை கையைப் பாத்துக் குத்தச் சொல்லு."

எனக்கு வேண்டியது:
தேர். அவளுடையது நாலு தட்டு. எனக்கு ஐந்து.
தேள் வேண்டாம். தாமரை.
அழக் கூடாது. செ. ஒன்பது வயதில் குத்திக்கொண்டாளாம், அழவே இல்லையாம்.

அவரிடம் சொல்லவில்லை. ஆறின பிறகு பார்க்கட்டும்.

மாசி 6, வியாழன்

வந்தாள். அகத்தி இலையும் மஞ்சளும் துணியில் சுற்றி, திரியாக்கி, ஆமணக்கெண்ணெயில் எரித்தெடுத்த கரி ஒரு சிமிழில். "கொழைக்க மொலப்பால் வேணும் தாயீ. வீட்டுல கைப்பிள்ளைக்காரி உண்டுமா?"

உண்டே. ஊருக்கே தெரியுமே. ஐந்து மாதப் பிள்ளை.

"தண்ணியில கொழைச்சா?"

"பிடிக்கும். ஆனா நாளாவ வெளுத்துப் போவும். பொறவு என்னைக் கொற சொல்லப்பிடாது."

நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டேன். சாயங்காலம் கீழத்தெருப் பகவதி வீட்டுக்கு உப்புக் கேட்கிற சாக்கில் போனேன். அவளுக்கும் கைப்பிள்ளை. கேட்டே விட்டேன். சிரித்தாள். "பாலு வீட்டுப் படி தாண்டுனா வத்திப் போவும்லா மக்கா. ஒங்க வீட்டுலயே செல்லம்மை இருக்காளே, அவளுக்கிட்ட கேக்கதுக்கு என்ன?"

என்னவென்று சொல்ல. உப்போடு திரும்பினேன். வீட்டில் ஏற்கெனவே ஒரு பானை உப்பு இருக்கிறது.

மாசி 7, வெள்ளி

குத்தியாயிற்று.

செ.விடம் நான் கேட்கவில்லை. இதை முதலில் எழுதிக்கொள்கிறேன். குத்துகிறவளிடம் தண்ணீரிலேயே குழை என்றேன். அவள் செம்பைச் சரிக்கும்போது செ. ஓடிவந்து சிரட்டையைப் பிடுங்கினாள். "தண்ணியிலயா? எக்காவுக்கா? நான் இருக்கேம்லா!" உள்ளே போனாள். அரைச் சிரட்டை கொண்டுவந்தாள். இருக்கிறவளுக்கு எவ்வளவு லேசு.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவள் தேரைவிட என் தேர் கறுப்பாக இருக்க வேண்டும். அதற்கு அவளிடமிருந்தே வாங்க வேண்டியிருக்கிறது.

நாலு ஊசி சேர்த்துக் கட்டியது. முதல் தட்டு தாங்கினேன். மூன்றாவதில் பல்லைக் கடித்தேன். குத்துகிறவள் ஏதோ பாடினாள், காதில் ஏறவில்லை. செ. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "அழுதிருங்க எக்கா. நானும் அழுதேன். அழல்லேண்ணு சும்மா சொன்னதாக்கும்" என்றாள். அப்போதுதான் அழுதேன். ஊசிக்கு என்று நினைத்திருப்பாள்.

அவள் பால் என் தோலுக்குள். ஆயுசுக்கும். தேய்த்துக் குளித்தாலும் போகாது.

மாசி 9, ஞாயிறு

கை வீக்கம். மஞ்சளெண்ணெய். நெல் அவிப்பு என் பங்கையும் செ. செய்தாள். மாமியார் அதை மூன்று பேரிடம் சொன்னார்.

சாப்பிடுகையில் அவர் பார்த்துவிட்டார். "எரியுதா?" ஒரே வார்த்தை. சரி, ஒன்றாவது வந்ததே என்று இருந்தேன். பிறகு, "செல்லம்மைக்க கை மாதிரியே இருக்கு."

இலையில் கேட்காமலே இன்னும் இரண்டு அகப்பை ரசம் ஊற்றினேன். ஓடிப் பாயை நனைத்தது.

மாசி 14, வெள்ளி

பொருக்கு உதிர்கிறது. தாங்க முடியாத அரிப்பு. கறுப்பு மெல்லப் பச்சையாகத் திரும்புகிறது. தட்டு எனக்கு ஐந்து, அவளுக்கு நாலு. அழுத்தத்திலும் என்னுடையதுதான்.

செ. தன் கையை என் கையோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். "எனக்கத விட ஒங்களுக்கு நல்லா விழுந்திருக்கு எக்கா." சந்தோஷமாகத்தான் சொன்னாள். ஒரு நாளாவது அவள் கெட்டவளாக இருந்து தொலைக்கக் கூடாதா?

அப்பாவுக்குக் கடிதம் போட்டேன். நெல், மழை, மாமியார் முட்டுவலி. பச்சையைப் பற்றி இல்லை.

மாசி 17, திங்கள்

காற்று. முருங்கைப் பூ முற்றமெல்லாம். இரண்டு தரம் பெருக்கினேன்.

செ. ஆற்றுக்குத் துணியெடுத்துப் போனாள். மாமியார் கோயிலுக்கு. பிள்ளை என்னிடம். கொஞ்ச நேரத்தில் அழுதான். தோளில் போட்டேன், அடங்கவில்லை. தேர் இருக்கிற கையில் சாய்த்துக்கொண்டேன். சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அடங்கிவிட்டான். தேரின் மேல் அவன் கன்னம். சூடு.

இவன் குடிக்க வேண்டியதில் அரைச் சிரட்டை இந்தக் கையில் இருக்கிறது. அந்த அளவுக்காவது எனக்குப் பாத்தியதை உண்டு என்று தோன்றியது. அசட்டுத்தனம். இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

செ. ஈரச் சேலையோடு வந்து வாசலில் நின்றாள். பால் கொடுக்கிற நேரம் தாண்டியிருந்தது. மார்பைக் கையால் அழுத்திக்கொண்டே, "முழிச்சானா எக்கா?" என்றாள்.

"உறங்குகான். எழுப்பாண்டாம்" என்றேன்.

அவள் சத்தம் காட்டாமல் கொல்லைப்பக்கம் போனாள். பிள்ளை கண்ணை விரித்து என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தான்.