பாதி மாத்திரை

இன்று காலை காஜா பேராங் பசாரிலிருந்து நம் மகள் ஒரு சீப்பு பீசாங் மாஸ் வாழைப்பழம் வாங்கி வந்து மேசையில் வைத்தாள். "மாத்திரையை இதுக்குள்ள வெச்சு முழுங்கும்மா, கசக்காது" என்றாள். ஆமாம், எனக்கும் நெஞ்சுக்கு மாத்திரை எழுதிவிட்டார் டாக்டர். நீங்கள் சாப்பிட்ட அதே மாத்திரை. அந்தக் குட்டிப் பழத்தை உரித்ததும் வந்த வாசம் என்னை நேரே உங்கள் சாய்வு நாற்காலிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. பழத்தை அப்படியே கீழே வைத்துவிட்டேன். நீங்கள் போய் ஆறு வருஷமாகிறது. இன்றைக்காவது உங்களிடம் பேசித் தீர்த்துவிட வேண்டும்.

துரையிலிருந்துதான் தொடங்க வேண்டும். நீங்கள் கார் ஓட்டிக்கொண்டிருந்த வெள்ளைக்கார எஞ்சினியர் கப்பலேறியபோது, தன் கறுப்பு நாயை உங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனார். பழைய விசுவாசத்தில் அதற்குத் துரை என்றே பெயர் வைத்தீர்கள். "துரைமாரெல்லாம் போகப் போறாங்கன்னு ஊரே சந்தோஷமா இருக்கு. நீங்க ஒரு துரையை வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றீங்களே!" என்று நான் சொன்னதும் நாற்காலி குலுங்கச் சிரித்தீர்கள். பிறகு நீங்கள் சீன முதலாளி தவுக்கேயின் அரிசி லோரி ஓட்டப் போனீர்கள். லோரி தெருமுனையில் திரும்பும்போதே துரை வாசலில் நிற்கும். நான் கூப்பிட்டால் காதைக்கூட அசைக்காது, திமிர் பிடித்தது.

வயசானதும் அது இருமத் தொடங்கியது. வயிறு தண்ணீர் கோத்து வீங்கியது. மிருக டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். நெஞ்சு பலவீனம், மனுஷர்கள் சாப்பிடும் மாத்திரையையே தினமும் பாதி கொடுங்கள், நிறுத்தினால் தாங்காது என்று சொல்லிவிட்டார். அங்கிருந்த உதவியாள், பழத்தில் மாத்திரையைப் பொதிந்து வாயில் போட்டு, மோவாயைத் தூக்கிப் பிடித்து, தொண்டையை மூன்று தடவை நீவிவிடச் சொல்லிக் கொடுத்தார். அப்போதுதான் துப்பாதாம். என்ன மாத்திரை என்று சீட்டைப் பார்த்தால், அரிசி மூட்டை தூக்கும்போது மயங்கி விழுந்தீர்களே, அதிலிருந்து நீங்கள் தினமும் ஒன்று சாப்பிட்டு வந்த மாத்திரை. "நானும் துரையும் இப்ப ஒரே ஜாதி" என்று அதற்கும் சிரித்தீர்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாசம் ஒரு போத்தலுக்கே மூச்சு முட்டியது, இப்போது ஒன்றரை. முதலில் மீனை நிறுத்தினேன். அப்புறம் காலைப் பாலை நிறுத்தினேன். ஜனவரி வந்து மகளுக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்ட வேண்டிய நாளில், மருந்துக்கடைப் பொட்டலத்தோடு நீங்கள் படியேறினீர்கள். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ!

"மக படிக்கணுமா, நாய் இருமாம இருக்கணுமா? நீங்களே சொல்லுங்க! இனிமே இந்த வீட்டுல நாய் மருந்துக்கு ஒத்தக் காசு செலவாகக் கூடாது!"

நீங்கள் துரையைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். "சரி புள்ள. ஒத்தக் காசு செலவாகாது" என்றீர்கள். அவ்வளவுதான்.

அந்தப் போத்தல் முடிந்தது. நாய் போய்விடும் என்று நான் மனசைத் தேற்றிக்கொண்டுதான் இருந்தேன். போகவில்லை. வயிறு வடிந்தே இருந்தது, வாசல்வரை ஓடியது. நான் விட்டேனா? "பாத்தீங்களா, மருந்தில்லாமலே துள்ளுது! டாக்டர் சும்மா காசைப் பிடுங்கியிருக்கார்" என்று உங்களிடமே பீற்றிக்கொண்டேன். நீங்கள் துரையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தீர்கள்.

போத்தல் வாங்கி வந்ததுமே உங்கள் மாத்திரைகளையெல்லாம் பாக்குவெட்டியால் இரண்டிரண்டாக வெட்டி வைப்பீர்கள். "முழுசா போட்டா தொண்டையில நிக்குது புள்ள" என்பீர்கள். சாயந்திரம் ஆறு மணிக்கு ஒரு துண்டுப் பழம் உங்கள் வாய்க்கு, ஒரு துண்டு துரையின் வாய்க்கு. அடுப்படியிலிருந்து பார்த்தால் எனக்கு உங்கள் முதுகுதான் தெரியும். இந்த நாய்க்குப் பழம் ஒன்றுதான் கேடு என்று முணுமுணுப்பேன்.

துரையின் இருமல் நின்று உங்கள் இருமல் தொடங்கியது. என் காதில் விழத்தான் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. சுதந்திரம் வரப்போகிறதென்று பண்டார் ஹிலிர் திடலில் கூட்டம் நடந்ததே, அதற்கு நடந்து போகும் வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்தீர்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த பள்ளம் காலிலேயே இருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தேன்; அமுங்கிய சதை மேலே வரவில்லை. துரை வந்து அந்தக் காலில் தலையை வைத்துப் படுத்தது. விரட்டினாலும் போகவில்லை.

"டாக்டர்கிட்ட போவமா?" என்று கேட்டேன். "கொடி ஏறட்டும் புள்ள, போவோம்" என்றீர்கள்.

கொடி ஏற இருபது நாள் இருக்கையில், பட்டப்பகலில், அரிசிக் கிடங்கு வாசலில் லோரியை ஓரங்கட்டி, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துவிட்டீர்கள்.

கருமாதி முடிந்த மறுநாள் ஆறு மணிக்கு உங்கள் காலி நாற்காலிக்கு முன்னால் துரை வந்து உட்கார்ந்தது. மறுபடியும் இருமல், மறுபடியும் வயிறு. பாவமே என்று ஒரு துண்டுப் பழத்தை அதன் வாயில் போட்டேன். அது மெல்லவில்லை. மோவாயை மேலே தூக்கி, கண்ணை மூடி, தொண்டையை என் பக்கம் நீட்டியபடி அப்படியே இருந்தது.

"என்னடா?" என்றேன். மாத்திரையை நிறுத்தி அரை வருஷமான நாய் எதற்குத் தொண்டையை நீட்டுகிறது? ஓடிப்போய் உங்கள் போத்தலைத் தரையில் கொட்டினேன். எல்லாம் வெட்டி வைத்த பாதிகள். ஒரு முழு மாத்திரை இல்லை.

"பாவி, என் புருஷனைத் தின்னுட்டியே!" என்று கையை ஓங்கினேன். துரை கண்ணைத் திறக்கவில்லை. தொண்டையையும் இறக்கவில்லை. என்னால் அடிக்க முடியவில்லை. தரையிலிருந்து ஒரு பாதியைப் பொறுக்கி அதன் வாயில் போட்டு, மூன்று தடவை நீவிவிட்டேன். அது முழுங்கியது. நான் அங்கேயே உட்கார்ந்து, செத்த அன்றைக்கு அழாத அழுகையெல்லாம் அழுதேன்.

பாதிகள் தீர்ந்ததும் கம்மலை விற்றுப் போத்தல் வாங்கினேன். அடுத்த தீபாவளிவரை இருந்தது துரை. மகள் படித்து, செமாபோக்கில் டீச்சராக இருக்கிறாள். அவளிடம் இதை நான் சொன்னதில்லை.

ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை நீங்கள்? அந்தக் கம்மல் அன்றைக்கும் என் காதில்தானே இருந்தது! கேட்டிருந்தால் கழற்றிக் கொடுத்திருப்பேனா? ஆறு வருஷமாக என்னையே கேட்டுப் பார்க்கிறேன். ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

இப்போது பழத்தை எடுத்து, மாத்திரையை முழுசாக வைத்து வாயில் போட்டுக்கொண்டேன். இறங்க மாட்டேன் என்கிறது. மோவாயைத் தூக்கி நானே என் தொண்டையை நீவிக்கொள்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து என் பேச்சை நீங்கள் தட்டியதே இல்லை. அன்றைக்கும் தட்டவில்லை. நாய் மருந்துக்கு ஒத்தக் காசு செலவாகவில்லை.