நூத்துக்கு நூறு வாங்கின போட்டோ

சேசு மரி சூசை துணை

நாகல் நகர்,
திண்டுக்கல்.
12.6.2005

அன்பு மகன் இனிகோவுக்கு அம்மா எழுதிக்கிறது. மாதா புண்ணியத்துல இங்க அம்புட்டுப் பேரும் சுகம், ஒங்கப்பா புத்தியத் தவிர. துபாய் வெயில்ல நீ எப்படி இருக்க அப்பு, நேரத்துக்குச் சாப்புடுறியா.

ஒந் தங்கச்சி ஜோஸ்பினுக்கு வத்தலக்குண்டுலருந்து ஒரு சம்பந்தம் வந்துச்சு. பையன் ஆண்டனிராஜ், பூ கமிஷன் கடை வச்சிருக்காரு, நல்ல குடும்பம், இதுவும் தட்டிப்போச்சுன்னா என்ன செய்யன்னு செபமாலையும் கையுமா இருந்தேன். கம்ப்யூட்டர்ல போட்டோ அனுப்பச் சொன்னாக. நீ வாங்கிக் குடுத்த ஸ்கேனர் முன்னாடி ஒங்கப்பா சட்டையெல்லாம் மாட்டிக்கிட்டு உக்காந்துட்டாரு. போட்டோவத் தெளிவாக்க அதுல ஷார்ப்னஸ்னு ஒரு அளவு இருக்காம்ல, அது முப்பதுல நின்னுச்சாம். முப்பத்தஞ்சு எடுத்தாத்தான பாசு, எம்மக ஃபெயில் மார்க்குல போகணுமான்னு நூறுக்குத் தள்ளிட்டாரு. ரிட்டயர்டு ஆனாலும் கணக்கு வாத்தியாருக்கு மார்க்குப் போடுற கை ஓயல. செத்த நேரம் பொறுங்க, ஜோஸ்பின் வந்து பாக்கட்டும்னேன், கேட்டாத்தான, அனுப்பிட்டாரு. அவ வந்து தொறந்து பாத்தா, ஸ்டுடியோக்காரன் குடுத்த சொரசொரப்புத் தாள்ல இருந்த புள்ளியெல்லாம் மேல எழும்பி மூஞ்சி பூரா அம்மைத் தழும்பு. உதட்டு மேல பூனைமுடி மீசையாவே நிக்குது. கதவச் சாத்திக்கிட்டு அழுதா. அன்னைக்கு ஒங்கப்பாவுக்குத் தொட்டுக்க வெஞ்சனமே வைக்கல, வெறும் ரசஞ்சோறுதான்.

இன்னைக்குப் பூசை முடிஞ்சு வந்தா வாசல்ல கார். சொல்லாமக் கொள்ளாம மாப்பிள்ளை வீட்டுக்காரக வந்து நிக்கிறாக. பையனோட அம்மா ஜோஸ்பின ஜன்னல் வெளிச்சத்துல நிறுத்தி மூஞ்சியத் தடவியே பாத்துட்டாக. ஒங்கப்பா ஸ்கேனரக் காட்டி விளக்கஞ் சொல்ல ஆரம்பிச்சாரு, நான் அவரு கால மிதிச்சேன். பையன் சிரிச்சுக்கிட்டே, மத்த வீடுகள்லருந்து வந்த போட்டோவெல்லாம் பொம்ம மாதிரி இருந்துச்சு அத்தை, இப்படி ஒண்ணத் தைரியமா அனுப்புன வீடு எதையும் மறைக்காதுன்னு நாந்தான் அடம் புடிச்சுக் கூட்டியாந்தேன்னாரு. ஒங்கப்பாவுக்குத் தலைகால் புரியல, அதுக்குத்தான் அப்படி வச்சேன்னு தெருவெல்லாம் சொல்லிட்டு வாராரு. அவுக போனப்புறம் ஒனக்குச் சம்மதமாடின்னு ஜோஸ்பின்கிட்ட கேட்டேன். அந்தப் போட்டோவப் பாத்துட்டும் வந்த மனுசன், தூங்கி எந்திரிச்ச என் மூஞ்சியப் பாத்து ஒருநாளும் பயப்பட மாட்டாரும்மா, சரின்னு சொல்லிருங்கன்னா. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேந்தே வந்துருச்சு.

கோயில்ல கல்யாண அறிவிப்பு மூணாவது ஓலை வாசிக்கிறதுக்குள்ள லீவு சொல்லி வந்து சேரு அப்பு. வாரம் ஒருக்கா எண்ணெ தேச்சுக் குளி. மாதா ஒனக்குத் தொணையா நிப்பா.

ஒன் வரவ எதிர்பாக்கும் அம்மா,
அல்போன்சா