கடைசிப் பந்தி வரை

இரவில் நுளம்பு கடிக்காமல் கொளுத்தும் திரி மணக்கத் தொடங்கினால் என் கை தானாகப் போனைத் தேடுகிறது. வீடு அடங்கியபின் நீ அனுப்பும் கட்டுரை வரும் நேரம் அது. மாகாண சபை, வரவுசெலவுத் திட்டம், எங்கோ ஒரு நாட்டுத் தேர்தல், எதுவானாலும் கீழே ஒரே வரிதான் எழுதியிருப்பாய்: "இத வாசிச்சிட்டுப் படு."

மறுநாள் மீன் வாங்கும் இடத்திலேயே விசாரணை தொடங்கும். "கடைசிப் பந்தியில என்னடி கிடந்த?" கட்டுரையின் முதல் பந்தியில் நாலு வரியைக்கூட நான் தாண்டியிருக்க மாட்டேன். "தலைப்ப மட்டும் பாத்துப் போட்டு அரசியல் கதைக்க வாறா இவ," என்று மீன்காரருக்கு முன்னாலேயே மானத்தை வாங்குவாய்.

நம் ஊர் சாய்ந்தமருது ஆண்களுக்கு நம்மைப் பற்றிப் பெரிய சிரிப்பு. "ரெண்டு பேரும் பாராளுமன்றம் போகப் போறாளுகளாம்." சிரிக்கட்டும் என்றாய்.

பிறகு ஒரு இரவு ஊர் வாட்ஸ்அப் குழுமத்தில் அந்தச் செய்தி வந்தது. பக்கத்து ஊரில் 'பள்ளி இடித்துத் தரைமட்டம்'. நம் முஸ்லிம் ஊரில் பள்ளி என்றால் தொழும் பள்ளிவாசல்தான். வேறொன்றும் மனதில் வராது. என் தம்பி சட்டையை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்துவிட்டான். வாசலில் அவன் கூட்டாளிகள். இவர்கள் அங்கே போய் இறங்கினால் யாராவது சாவார்கள் என்று தெரிந்தது. வாசல் கேற்றை மறித்து நின்றேன். அப்போதுதான் போனில் உன் குரல்பதிவு வந்தது.

"புள்ள, தலைப்போட நிக்காத, கீழ கடைசிப் பந்திக்குப் போ. பழைய கட்டடத்த இடிச்சி மாணவருக்குப் புதுசு கட்டப் போறாங்களாம். பள்ளியில ஆருடி மாணவர்? அது பள்ளிக்கூடம். எழுதினவன் நம்மட பக்கத்து ஆளில்ல, அவனுக்குப் பள்ளியெண்டா பள்ளிக்கூடம்."

எல்லோருக்கும் கேட்கும்படி இன்னொரு தடவை போட்டேன். தம்பி செய்தியை எடுத்து அடிவரை வாசித்தான். "ஓம் ராத்தா, பள்ளிக்கூடம்தான்," என்றான். மோட்டார் சைக்கிள் உள்ளே வந்தது. இவள் என் கூட்டாளி என்று தெரு முழுக்கக் கேட்கக் கத்த வேண்டும்போல் இருந்தது எனக்கு.

நீ மௌத்தாகிப்போன மரண அறிவித்தலும் அதே குழுமத்தில்தான் வந்தது. கடைசி எழுத்து வரை வாசித்தேன், வேறு யாராவதாக இருக்குமோ என்று. நீதான்.

இப்போது யாராவது பதறிப்போய் எதையாவது குழுமத்தில் போட்டால், அன்று சிரித்த ஆண்களே கேட்கிறார்கள்: "கடைசிப் பந்தி வாசிச்சீங்களா?" அது யாருடைய கேள்வி என்று பாதிப் பேருக்குத் தெரியாது. நான் விடுவேனா, உன்னுடையது என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடுகிறேன். நீ அடங்கியிருக்கும் கபுறை அல்லாஹ் வெளிச்சமாக்கட்டும்.

இன்று மாகாண சபை பற்றி நீண்ட கட்டுரை ஒன்று. நானே தேடி எடுத்தேன். கடைசிப் பந்தி வரை வாசித்துவிட்டேன். இனிப் படுக்கிறேன்.