இன்னொரு பிரம்பு நாற்காலி

அக்டோபர் 14, செவ்வாய்

குளத்தைப் பார்த்த பின்னறை இன்று ஒருவழியாக முடிந்தது. ஏரிக்கரை வீடுகளின் படங்களை என் வீட்டுக்காரர்தான் வளைகுடாவிலிருந்து அனுப்பிக்கொண்டே இருந்தார். அவற்றைப் பார்த்துத்தான் சுவருக்கு வெள்ளை அடித்தேன், வெளிர்நீலத் திரை தைத்துப் போட்டேன். அமரவிளைக் கடையில் செய்யச் சொல்லியிருந்த பிரம்பு நாற்காலி காலையில் வந்தது. அதை ஜன்னலுக்கு நேரே போட்டு, வீடியோ காலில் அவருக்குக் காட்டினேன்.

"ஒரு கசேரதானா?" என்றார்.

"நான் ஒருத்தியாக்கும் இங்க இருக்கேன். போதாதா?"

"இன்னொண்ணும் வாங்கிப் போடு, ஷீஜா. அந்திக்கு அங்க கொசு உண்டா?"

எனக்கு வியப்பாக இருந்தது. வருடத்துக்கு ஒரு மாதம் விடுப்பில் வந்தால் ஓடு மாற்றுவார், மோட்டாரைப் பிரித்துப் போடுவார். குளத்தைத் திரும்பியும் பார்த்ததில்லை.

"லீவு கிடைச்சுதா?" என்று கேட்டேன்.

"நீ கசேரைய வாங்கு. பொறவு சொல்லுதேன்," என்று சிரித்தார்.

வேலை நேரத்தில் கைலியோடு அறையில் உட்கார்ந்திருந்தார். அங்கே வேலையில் ஏதாவதா, உடம்புக்கு ஏதாவதா? சிரிப்பைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. நானும் தோண்டிக் கேட்கவில்லை. ஒரேயடியாக வந்துவிட்டால், அந்தி நேரத்தில் இரண்டு பேரும் அங்கே உட்கார்ந்து என்னதான் பேசுவோம்? போனில் வீட்டுச் செலவும் விடுதியில் இருக்கும் மகளின் படிப்பும் தவிர வேறு பேசிப் பழக்கமில்லை.

படுக்க வரும் முன் நாற்காலியை ஜன்னலின் நடுவிலிருந்து ஒரு பக்கமாக நகர்த்தி வைத்தேன்.