ஜெரோம் கடித்த குருத்தோலை

சேசு மரி சூசை

ஆவடி
4.4.88, உயிர்த்த ஞாயிற்றுக்கு மறுநாள்

அன்பு மகள் ரெஜினாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் தம்பி வின்சென்டும் ஆண்டவர் தயவில் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமா என்று எழுதுவதுதான் வழக்கம், சுகமாக இல்லை என்று தெரிந்த பிள்ளையிடம் அதை எப்படிக் கேட்பது, அதனால் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று மட்டும் கேட்கிறேன், அதற்கு உண்மையான பதில் எழுது. ஜாம்நகரில் இந்நேரம் வெயில் எப்படி என்று தெரியவில்லை, இங்கே இப்போதே மண்டையைப் பிளக்கிறது, பருத்திப்பட்டு ஏரி பாதி வற்றி மாடுகள் நடுவில் நின்று மேய்கின்றன, குவார்ட்டர்ஸில் தண்ணீர் காலையில் கொஞ்ச நேரம்தான் வருகிறது. வின்சென்டுக்குப் பரீட்சை நெருங்குகிறது, புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ரேடியோவில் கிரிக்கெட் கேட்கிறான். உன் கடிதம் விபூதிப் புதன் கழிந்து தபசு காலம் தொடங்கிய மறுவாரமே வந்துவிட்டது. பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் இருக்கிறது, கடைசிவரை படி, பாதியில் மடித்து வைத்துவிடாதே.

கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டேன், வாசல்வரை போய்த் திரும்பி வந்துவிடுகிறேன், வாய் ஜெபம் சொல்ல மறுக்கிறது என்று எழுதியிருந்தாய். நான் திட்டுவேன் என்று பயந்து மன்னித்துக்கொள் அம்மா என்று வேறு எழுதியிருந்தாய். எதற்கு மன்னிப்பு? பெற்ற மகனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. உனக்கு நாக்கு புரளவில்லை என்றால் ஆண்டவருக்கு அது புரியாதா, அவரைப் பெற்றவளும் மகனைப் பறிகொடுத்தவள்தானே. பக்கத்து வீட்டு அம்மா யாரோ, கடவுளுக்கு ரொம்பப் பிடித்த பிள்ளைகளைத்தான் சீக்கிரம் அழைத்துக்கொள்வார் என்று உன்னிடம் சொன்னாளாமே, அவளை ஒரு தடவை என்னிடம் அனுப்பி வை, அப்படியானால் உன் பிள்ளைகளை அவருக்குப் பிடிக்கவில்லையா என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறேன். கோபத்தில் எழுதிவிட்டேன், தபசு காலம் முடிந்துவிட்டதால் பாவம் கொஞ்சம் குறைவாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

இனி நீ கேட்ட விஷயம். போன வருஷம் லீவுக்கு வந்திருந்தபோது குருத்து ஞாயிறு பவனியில் குழந்தை ஜெரோம் பிடித்துக்கொண்டு வந்த ஓலையை அனுப்பி வை என்று எழுதியிருந்தாய். எனக்கு எல்லாம் அப்படியே கண்ணில் இருக்கிறது. தாத்தா தோளில், உன் அப்பா தோளில், உட்கார்ந்துகொண்டு அதை யாரிடமும் கொடுக்கமாட்டேன் என்று ஒரே அழுகை, ஓசன்னா பாடி முடிவதற்குள் ஒரு நுனியைக் கடித்துக் கடித்துத் துவைத்துவிட்டான், வீட்டுக்கு வந்து அவன் தூங்கின பிறகுதான் அப்பா அதை மெதுவாக உருவிச் சிலுவையாக முடைந்தார், கடித்த நுனியை மட்டும் வெட்டாமல் விட்டார். அதை நான்தான் திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் மற்ற ஓலைகளோடு சேர்த்துச் செருகி வைத்தேன். அப்போது அது குழந்தை விளையாடின ஓலை, அவ்வளவுதான். உன் கடிதத்தைப் படித்ததும் ஸ்டூலைப் போட்டு ஏறிப் பார்த்தேன். படத்துக்குப் பின்னால் ஒன்றும் இல்லை ரெஜினா, சிலந்தி வலைதான் இருந்தது.

உனக்குத் தெரியும், விபூதிப் புதனுக்கு முந்தின ஞாயிறு பழைய குருத்தோலைகளைக் கோயிலில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், அதை எரித்துத்தான் நெற்றிக்குச் சாம்பல் எடுப்பார்கள். நம் குவார்ட்டர்ஸில் அந்த வேலை வருஷா வருஷம் உன் அப்பாவுடையது. சாக்குப் பையைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு கிறிஸ்தவ வீடு ஒவ்வொன்றாகப் போய் வாங்குவார், ஒரு வீட்டை விடமாட்டார், தூக்கிப் போட்டுவிட்டோம் என்று யாராவது சொன்னால் மந்திரித்த ஓலையைக் குப்பையில் போடலாமா என்று நின்று பாடம் நடத்துவார். இந்த வருஷமும் அப்படியே எல்லா வீட்டிலும் வாங்கிக்கொண்டு கடைசியில் நம் வீட்டுக்கு வந்திருக்கிறார். நான் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். படத்துக்குப் பின்னால் கையை விட்டு மொத்தமாக உருவிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார், எது எந்த ஓலை என்று பார்க்கவில்லை. புதன்கிழமை நாங்கள் போய் முழந்தாளிட்டு நெற்றியில் வாங்கிக்கொண்டும் வந்துவிட்டோம். மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய் என்று சாமியார் சொல்லிப் பூசும்போது, இதை எங்களுக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்று எனக்குள் எரிச்சல் வந்தது, அவ்வளவுதான், பூசினது எது என்று அப்போது தெரியாது.

ஷிப்ட் முடிந்து அப்பா வந்ததும் உன் கடிதத்தைக் கையில் கொடுத்தேன். படித்துவிட்டுப் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் அவரைச் சும்மா விட்டிருக்கலாம், விடவில்லை, ஊர் ஓலையெல்லாம் பொறுக்கத் தெரிந்த மனுஷனுக்குப் பேரன் கடித்த ஓலையை அடையாளம் தெரியவில்லையா என்று கேட்டுவிட்டேன். உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனார். உபதேசியார் அருளாந்து, எல்லாவற்றையும் எரித்துத் துணியில் சலித்துப் பூசியாயிற்று, மிச்சம் இருந்ததைக் கோயிலுக்குப் பின்னால் மாதுளைச் செடிக்கு அடியில் கொட்டித் தண்ணீரும் ஊற்றிவிட்டேன் என்றாராம். அப்பா அந்தச் செடிக்கிட்டே வெகு நேரம் நின்றுகொண்டிருந்தார் என்று உபதேசியாரே பிறகு என்னிடம் சொன்னார். வீட்டுக்கு வந்து, ரெஜினாவுக்கு நானே எழுதுகிறேன் என்று இன்லண்ட் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அன்புள்ள மகளுக்கு என்பதற்கு மேல் பேனா நகரவில்லை. அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை உட்கார்ந்து பார்த்துவிட்டார். அதனால்தான் தாமதம்.

அன்றிலிருந்து அவர் பிடித்த ஒருசந்தி இருக்கிறதே, அது திருச்சபை சொன்ன ஒருசந்தி இல்லை. டிபன் கட்டிக் கொடுத்தால் அப்படியே திரும்பி வந்தது. டீயை விட்டார், பேச்சை விட்டார். பெரிய வெள்ளியன்று பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் சிலுவைப் பாதையில் சிலுவையைத் தூக்குகிறேன் என்று வாங்கிக்கொண்டு, ஏழாம் ஸ்தலத்துக்கு முன்னாலேயே கண்ணை இருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கூட ஃபாக்டரியில் வேலை பார்க்கும் கோவிந்தராஜ், அவர் நம் கோயில்காரர்கூட இல்லை, வேடிக்கை பார்க்க நின்றிருந்தவர், அவர்தான் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்து வீட்டில் விட்டார். பயப்படாதே, இப்போது நன்றாக இருக்கிறார். அன்று பிரசங்கத்துக்கு வந்த வெளியூர்ச் சாமியார் சின்ன வயசு, சிலுவையடியில் மாதா ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் நின்றாள், தாய்மார்களே நீங்களும் அப்படி இருக்க வேண்டும் என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் அவரைத் தேடிப் போய், நின்றாள் என்றுதானே சாமி வேதத்தில் எழுதியிருக்கிறது, அழவில்லை என்று எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். எங்கேயும் இல்லை அம்மா, நான்தான் சேர்த்துச் சொல்லிவிட்டேன் என்று ஒத்துக்கொண்டார். நல்ல பிள்ளை. நீ அழு ரெஜினா, எங்கே வேண்டுமானாலும் அழு, யாரும் உன்னைக் கேட்க முடியாது.

அந்தச் சனிக்கிழமையே பருத்திப்பட்டு நாகம்மா பால் ஊற்ற வந்தாள், ஜெரோமை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு திரிவாளே, அவள்தான். அய்யா இன்னாத்துக்குமா இப்டி வாடிப் பூட்டாரு என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். அவள் பால் செம்பைக் கீழே வைத்துவிட்டு, ஏம்மா, கொயந்த கடிச்ச ஓலைய அல்லாரு நெத்தியிலயும் பூசிக்கினாங்கன்றே, அப்பால இன்னா, குப்பையிலயா பூட்டுது, உன் நெத்தியிலயும் அய்யா நெத்தியிலயும் கூடத்தானே கீது, இதுக்குப் போயி அந்த மனுசனை இன்னாத்துக்கு வையிறே என்று என்னையே அதட்டினாள். இதை உனக்கு ஆறுதலாகச் சொல்லவில்லை, எனக்கே அது முழு ஆறுதல் இல்லை, நீ கேட்டது ஓலை, அது இல்லை, இல்லைதான். ஆனால் அவள் போன பிறகு அப்பாவுக்கு ஒரு டம்ளர் பாலை ஆற்றிக் கொடுத்தேன், நான் திட்டாமல் கொடுத்ததால் மறுபேச்சில்லாமல் குடித்தார்.

ராத்திரிப் பூசைக்கு அவர் உடம்பு தாங்காது என்று நேற்று உயிர்த்த ஞாயிறு காலைப் பூசைக்குப் போனோம். புதுத் துணி எடுக்கவில்லை, பலகாரமும் செய்யவில்லை, பக்கத்து வீட்டு வசந்தா கொடுத்த கேக்கை வின்சென்ட் சாப்பிட்டான். பூசையில் ஞானஸ்நான வாக்குறுதி புதுப்பிக்கிற நேரம் எல்லாரும் மெழுகுதிரி பிடித்துக்கொண்டு எழுந்து நின்றோம். விசுவசிக்கிறீர்களா என்று சாமியார் கேட்கக் கேட்கச் சனங்கள் விசுவசிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். என் பக்கத்தில் சத்தத்தையே காணோம். திரும்பிப் பார்த்தால் உன் அப்பா திரியைப் பிடித்துக்கொண்டு வாயை மூடி நிற்கிறார். கோயிலில் முதல் ஆளாகப் பதில் சொல்லுகிற மனுஷன், சமயத்தில் சாமியார் கேட்டு முடிப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறவர். என்னவாயிற்று என்று மெதுவாகக் கேட்டேன். வாசல் வரைக்கும் போயித் திரும்புத புள்ளையை அங்கேயே விட்டுட்டு நான் மட்டும் எப்படிச் சொல்லுவேன், அவ என்னைக்குச் சொல்லுதாளோ அன்னைக்கு நானும் கூடச் சொல்லிக்கிடுதேன், அதுவரைக்கும் அவகூட நிக்கேன் என்றார். இத்தனை வருஷமாக ஆவடியில் இருந்தும் அவருக்கு மனசு உடைந்தால் திருநெல்வேலிப் பேச்சுதான் வருகிறது.

அதனால் நீ கோயில் வாசலில் தனியாக நிற்பதாக நினைக்காதே, அப்பா உன் பக்கத்தில் நிற்கிறார். உள்ளே வா என்று உன்னைக் கூப்பிட மாட்டேன், வருகிறபோது வா. ஓலை போனதற்கு அவர்மேல் கோபம் இருந்தால் கோபமாகவே ஒரு வரி எழுது, ஆனால் அவர் பெயருக்கு எழுது, தபால்காரரைக் கண்டால் அவர் பார்க்கிற பார்வை எனக்குத் தாங்கவில்லை. கோவிந்தராஜின் மச்சான் இந்த மாதக் கடைசியில் அகமதாபாத் வருகிறார், பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொடுத்து அனுப்புகிறேன், மாப்பிள்ளையைப் போய் வாங்கிக்கொள்ளச் சொல்லு, அவரும் சாப்பாட்டைக் குறைத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன், பார்த்துக்கொள். ஆண்டவரும் மாதாவும் உங்கள் இருவர் தலையிலும் கை வைத்துக் காப்பார்கள்.

விசுவசிக்கிறோம் என்று நேற்று நான் சொன்னேன், சத்தமாகவே சொன்னேன். முன் வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உனக்கும் அப்பாவுக்கும் சேர்த்து நான் ஒருத்தி சொல்ல வேண்டியிருந்தது, சத்தம் கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.

உன் அம்மா,
மரியபுஷ்பம்