தூக்கியதற்கு விளக்கம்

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல்

அன்புள்ள என் கணவருக்கும், மதிப்பிற்குரிய கல்வி இயக்குநர் அவர்களுக்கும்,

இருவரும் ஒரே ஆள் என்பதால் ஒரே கடிதம் போதும் என்று நினைக்கிறேன்.

இங்கே எல்லோரும் நலம். மாமாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கட்டைப் பிரித்ததும் என்னைப் பார்த்து, "ஏம்மா இப்படி இளைச்சுட்டே?" என்று கேட்டார். நான் இளைக்கவில்லை, இத்தனை நாள் அவருக்கு நான் மங்கலாகப் பெரிதாகத் தெரிந்திருக்கிறேன். பையன் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று கதவைச் சாத்திக்கொள்கிறான். உள்ளே என்ன நடக்கிறது என்று அந்தப் புத்தகத்துக்குத்தான் தெரியும். சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகியது. நீங்கள் வந்தால் பார்ப்பீர்கள் என்று அடியில் வாளி வைத்துப் பார்த்தேன். வாளிக்கே அலுத்துவிட்டது. ஆள் கூப்பிட்டுச் சரி செய்துவிட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் போய் உட்கார்ந்திருக்கும் வெளியூர்த் தலைமை அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு மெமோ வந்திருக்கிறது. 'விதி ஒன்பதை மீறித் தாங்கள் ஒரு குழந்தையைத் தூக்கி, மதிய இடைவேளை வரை இடுப்பில் வைத்திருந்ததாகத் தெரிய வருகிறது. தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு விளக்கம் தரவும்.' கீழே உங்கள் கையெழுத்து. பையனின் மதிப்பெண் அட்டையில் போட நேரமில்லாத அதே கையெழுத்து. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நீங்கள் எனக்குத் 'தாங்கள்' போட்டு எழுதியது இதுதான் முதல் தடவை. நன்றாகத்தான் இருந்தது, வேறு விஷயத்துக்கு எழுதியிருக்கலாம்.

இப்படி வரும் கடிதங்களில் பாதியை நீங்கள் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால் நடந்ததைச் சொல்கிறேன்.

என் வகுப்பில் ஒரு பெண் குழந்தை இருக்கிறாள். மூன்று வயது முடிந்துவிட்டது. எங்களுடைய நீல மேலங்கியின் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டேதான் பேசுவாள் என்பதால் அவளுக்குப் பொத்தான் என்று பெயர் வைத்திருக்கிறோம். போன செவ்வாய்க்கிழமை காலை அவளுடைய அப்பா வாசலில் விட்டுவிட்டுப் போனார். செருப்பு அடுக்கும் பலகை அருகே ஒரு செருப்பைக் கழற்றி, இன்னொன்றைக் கழற்றாமல் நின்று அழுதாள். சத்தம் போட்டு அழுகிற குழந்தையை எப்படியாவது சமாளித்துவிடலாம். இவள் வாயை மூடிக்கொண்டு அழுதாள்.

அன்று வாசல் முறை சின்ன டீச்சருடையது. போன வருஷம் உங்களிடமே பயிற்சி பெற்ற பெண். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடியே முழங்காலிட்டு, கண்ணுக்கு நேரே முகத்தை வைத்து, கையைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு, "நீ வருத்தமா இருக்கேன்னு எனக்குத் தெரியுது" என்றாள். குழந்தை அழுதது. மறுபடியும் அதையே சொன்னாள். மூன்றாவது தடவை சொன்னபோது பொத்தான் அழுகையை நிறுத்தி அவளை உற்றுப் பார்த்து, "தெரியுதில்ல? அப்ப தூக்கு" என்றாள். 

சின்ன டீச்சர் நிமிர்ந்து கூரையில் இருக்கும் கேமராவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் போய்க் குழந்தையைத் தூக்கினேன்.

மெமோவில் இருப்பது உண்மை. மதிய இடைவேளை வரை அவள் இறங்கவில்லை. இடுப்பில் வைத்துக்கொண்டே கதை சொன்னேன், ஒரு கையால் வர்ணம் கலந்தேன். என்னையும் தூக்கு என்று வேறு சில பிள்ளைகள் வந்தார்கள். அவர்களையும் தூக்கினேன். கொஞ்ச நேரம் மேலே இருந்து ஊரைப் பார்த்துவிட்டு, வழுக்கி இறங்கி, மரக்கட்டைகளைப் பார்க்க ஓடிவிட்டார்கள். ஒன்றைத் தூக்கினால் எல்லாம் தொற்றிக்கொள்ளும், இறங்காது என்று கையேட்டில் எழுதியிருக்கிறீர்கள். யாரிடம் கேட்டு எழுதினீர்கள்? நான் அப்போது பக்கத்து அறையில்தானே இருந்தேன்.

வேலையிடத்தில் இருந்தபடியே போனில் எங்கள் கேமராவைப் பார்த்த ஒரு தாய், அந்தப் பிள்ளைக்கு மட்டும் என்ன சலுகை என்று புகார் கொடுத்திருக்கிறார். எங்கள் கிளை மேலாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் அளவுகோல், அவருக்குத் தெரியாது. நல்ல பெண்தான். "மேடம், நான் உங்களக் குறை சொல்லல. ஆனா கேமராவுல பதிவாயிடுச்சு" என்றார். பதிவாகாமல் இருந்திருந்தால் என்று கேட்டேன். "பதிவாகலன்னா அது நடக்கவே இல்ல மேடம்" என்றார், எனக்கு உதவி செய்கிற குரலில்.

மறுநாள் பொத்தானின் அம்மா மருத்துவமனையிலிருந்து என்னைக் கூப்பிட்டார். இரண்டாவது பிரசவம், உடம்பு சரியில்லை, கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். அப்பா பஸ் ஓட்டுகிறார், இரட்டை ஷிப்ட். "நீங்க தூக்குனீங்கன்னு வந்து சொன்னா, டீச்சர். மாசக்கணக்கா அவள யாருமே தூக்கல. மேல ஏறாத, அம்மா வயித்துல பாப்பா இருக்குன்னு சொல்லிச் சொல்லி, இப்ப என் பக்கத்துல வந்தாலே ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிறா" என்றார்.

வீட்டிலும் தூக்கக் கூடாது, பள்ளியிலும் தூக்கக் கூடாது. வீட்டில் அதற்குக் காரணம் உண்டு. பள்ளியில் என்ன காரணம்?

அந்தக் காரணம் எனக்குத் தெரியும். வேறொரு கிளையில் ஒரு டீச்சர் குழந்தையோடு கால் தடுக்கி விழுந்து, குழந்தையின் முழங்கை முறிந்து, வழக்கு வந்தது. அன்று நீங்கள் நம் வீட்டுக் கூடத்தில் நடந்துகொண்டே வக்கீலிடம் பேசினீர்கள். இனிமேல் தூக்கவே கூடாது என்று எழுதிவிடுங்கள் என்று அவர் சொன்னார். பயந்தீர்கள். பயப்பட வேண்டிய விஷயம்தான். 'வழக்கு வரும், அதனால் தூக்காதீர்கள்' என்று எழுதியிருந்தால் நான் கோபப்பட்டிருப்பேன், ஆனால் மதித்திருப்பேன். நீங்கள் என்ன எழுதினீர்கள்? 'தூக்கப்படும் குழந்தை தன் கால்களை மறக்கிறது. தூக்காத ஆசிரியையே குழந்தையை நம்பும் ஆசிரியை.' வக்கீலின் பயத்துக்குச் சட்டை தைத்துப் போட்டு, அதற்கு நம் கல்விக் கொள்கை என்று பெயரும் வைத்துவிட்டீர்கள். பெரிய எழுத்தில் வாசலில் மாட்டியிருக்கிறது. தினமும் அதன் அடியில்தான் செருப்பைக் கழற்றுகிறேன்.

நம் வீட்டு முன்னறையில் நாம் பள்ளி ஆரம்பித்தபோது கொள்கை என்று ஒன்றும் எழுதி வைக்கவில்லை. பிள்ளை அழுதால் யார் கை காலியாக இருக்கிறதோ அவர் தூக்குவோம். பல சமயம் உங்கள் கைதான் காலியாக இருக்கும். அந்தப் பிள்ளைகளில் ஒருவருக்காவது கால் மறந்துபோனதா? எல்லோரும் கால் வைத்து எங்கெங்கோ போய்விட்டார்கள்.

இதைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். செவ்வாய்க்கிழமை மாலை சின்ன டீச்சர் கை கழுவும் இடத்தில் நின்று அழுதாள். "அக்கா, பிள்ளைங்க அழுதா எனக்குக் கை பரபரங்குது. பயிற்சியில அது நம்ம பலவீனம்னு சொன்னாங்க. நான் இந்த வேலைக்கு லாயக்கில்லையோ?" என்று கேட்டாள். இந்த வேலைக்கு எது முதல் தகுதியோ அதையே குறை என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. 

நீங்கள் கேட்ட விளக்கம் இதோ. குழந்தை அழுதாள். தூக்கச் சொல்லிக் கேட்டாள். தூக்கினேன். நாளையும் கேட்டால் தூக்குவேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். இருமல் மருந்து பெட்டியில் துணிகளுக்கு அடியில் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் மனைவியும்
மூன்று வயது வகுப்பின் ஆசிரியையும்


சனிக்கிழமை, காலை

அன்புள்ள உங்களுக்கு,

சில வாரங்களாகப் பதில் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் கோபத்தில் பேனா தாளைக் கிழிக்கிறது. 

நீங்கள் அனுப்பிய இரண்டும் வந்தன. ஒன்று எல்லாக் கிளைகளுக்கும் வந்த சுற்றறிக்கை. இன்னொன்று எனக்கு மட்டும் வந்த நாலு வரி. நாலு வரியை முதலில் படித்தேன். 'நீ வருத்தமாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரிகிறது' என்று ஆரம்பித்திருக்கிறீர்கள். அது எங்கிருந்து வந்த வாக்கியம் என்று எழுதும்போது உங்களுக்குத் தோன்றவே இல்லையா? அதற்கு ஒரு மூன்று வயதுக் குழந்தை சொன்ன பதிலையும் உங்களுக்கு எழுதியிருந்தேனே.

அடுத்தது சுற்றறிக்கை. தேவைப்பட்டால் இரண்டு நிமிடம் வரை தூக்கலாமாம். பெற்றோர் முன்கூட்டியே சம்மதம் எழுதித் தர வேண்டுமாம். தூக்கிய நேரம், இறக்கிய நேரம், காரணம், கையெழுத்து எல்லாவற்றையும் 'தூக்கல் பதிவேட்டில்' எழுத வேண்டுமாம். எங்கள் வகுப்பில் அதை ஆணியில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் பேனா, கடிகாரத்தைப் பார்க்க மூன்றாவது கையை நீங்கள்தான் அனுப்ப வேண்டும். மாமாவிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அறுவை சிகிச்சை செய்த கண், சிரிக்காதீர்கள் என்று அதட்ட வேண்டியதாயிற்று. சிரித்து முடித்துவிட்டு, "இவனா இப்படி எழுதினான்?" என்று கேட்டார்.

பதிவேட்டில் முதலில் எழுதியது சின்ன டீச்சர். ஒரு பையன் அவளிடம் கையை நீட்டினான், தூக்கினாள். காரணம் என்ற இடத்தில் 'கை நீட்டினான்' என்று எழுதினாள். அளவுகோல் அதைச் சிவப்பில் வட்டம் போட்டு, காரணம் போதவில்லை என்று திருப்பி அனுப்பினார். காயம், காய்ச்சல், ஆபத்து இந்த மூன்றில் ஒன்று இருக்க வேண்டுமாம். சின்ன டீச்சர் அன்று முழுவதும் யோசித்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் மேலங்கியை மடித்து மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். இப்போது துணிக்கடையில் வேலை. போய்ப் பார்த்தேன். "இங்க யாரும் அழ மாட்டாங்கக்கா" என்றாள். பேசிக்கொண்டே ஒரு சட்டையை மடித்தாள், உடனே பிரித்தாள், மறுபடி மடித்தாள். உங்கள் பயிற்சியில் வந்தவர்களிலேயே நல்ல கை அவளுடையது. அதை இழந்துவிட்டீர்கள். இதை எந்தப் பதிவேட்டில் எழுதுவார்கள் என்று தெரியவில்லை.

ஒரு நல்ல செய்தி. பொத்தானுக்குத் தம்பி பிறந்திருக்கிறான். அறுவை சிகிச்சைதான், ஆனாலும் இருவரும் நலம். நேற்று வீட்டுக்குப் போகும் வழியில் அம்மா நேராகப் பள்ளிக்கு வந்தார். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அப்பா வாசலில் ஆட்டோவில் இருந்தார். அம்மாவால் நிற்க முடியவில்லை. வராந்தாவில் பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

பொத்தான் வகுப்பிலிருந்து வந்தாள். அம்மாவைப் பார்த்ததும் ஓடுவாள் என்று நினைத்தேன். ஓடவில்லை. நாலடி தள்ளி நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அம்மாவின் வயிற்றைப் பார்த்தாள். பிறகு, "பாப்பா வெளிய வந்துடுச்சா?" என்று கேட்டாள். வந்துவிட்டது என்று அம்மா சொன்னார். "அப்ப ஏறலாமா?" என்றாள்.

அந்த அம்மா கையை விரித்தார். ஆனால் தையல் போட்ட வயிறு, தூக்க முடியாது. நான் போய்ப் பொத்தானைத் தூக்கி, வயிற்றில் படாமல் ஒருபக்கமாக, அவர் மடியில் உட்கார வைத்து, விழாமல் முதுகைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். இருபது நிமிடமும் ஆகியிருக்கலாம். நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. 

அளவுகோல் தன் அறையிலிருந்து வந்து நின்றார். கையில் பதிவேடு. எங்களையும் பதிவேட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, மெதுவாக, "இத எதுல மேடம் சேக்கறது?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். உங்கள் இயக்குநரையே கேளுங்கள் என்றேன்.

வராந்தாவிலும் கேமரா உண்டு. பதிவாகியிருக்கும். பெற்றோர் சம்மதம் எழுதி வாங்கவில்லை, பதிவேட்டில் நான் எழுதவுமில்லை, எழுதப்போவதும் இல்லை. முதல் மெமோவுக்கு நான் வருத்தம் தெரிவித்தும் எழுதித் தரவில்லை. ஆகவே அடுத்து வருவது என்ன கடிதம் என்று எனக்குத் தெரியும். அது உங்கள் மேஜைக்கு வரும்போது கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள், இந்த ஒன்றையாவது படித்துவிட்டுப் போடுங்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் அழவில்லை, கெஞ்சவும் இல்லை. வீட்டில் எல்லாம் சரியாகத்தான் ஓடுகிறது. பையன் உங்களைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டான், அதனால் அந்தத் தொந்தரவும் இல்லை. 

ஒன்றே ஒன்று கேட்கிறேன். என்னை வேலையை விட்டு நீக்குவதானால் நீக்குங்கள். ஆனால் அந்தக் கடிதத்தைத் தபாலில் அனுப்பாதீர்கள். வேறு யாரிடமும் கொடுத்தும் அனுப்பாதீர்கள். நீங்களே ஒருநாள் பஸ் ஏறி, நம் வாசலுக்கு வந்து, என் கையில் கொடுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கிருந்தாலும் நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள்
நான்